குடியை விட்டவருக்கு

சேலம்
16 ஜூன் 2024

அன்புள்ள பார்வதிக்கு,

உன் புருஷன் ஐயாக்கண்ணு எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துவிட்டு வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே. நானே எழுதுகிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டது.

இந்த மறுவாழ்வு மையத்தில் போன் கிடையாது. வீட்டுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று ஆலோசகர் சார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முதல் மாதம் பேனா பிடிக்க முடியவில்லை. இரண்டாம் மாதம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

காலையில் எங்களை மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்வார்கள். ஒருநாள் மழை தூறியது. எல்லோரும் ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கத்தான் காலை எடுத்து வைத்தேன், அப்படியே ஓட ஆரம்பித்துவிட்டேன். பாதிச் சுற்றிலேயே நெஞ்சு வெடிப்பது போல இருந்தது. வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். ஆனால் பார்வதி, அன்றைக்கு முழுவதும் அந்த நினைப்பு வரவில்லை. எந்த நினைப்பு என்று உனக்குத் தெரியும். மறுநாளும் ஓடினேன். அதிலிருந்து ஒருநாளும் விடவில்லை.

மனிதனைக் கெடுப்பதும் பழக்கம், காப்பாற்றுவதும் பழக்கம் என்று சார் சொல்கிறார். நீயும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடி. காப்பியைக் குறை. உன் உடம்பை நீ பார்ப்பதே இல்லை.

உன் அண்ணன் சிவக்குமார் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். என்னை ஜீப்பில் தூக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்தபோது அவரை என்னென்ன வைதேன் என்று ஞாபகமில்லை. நல்ல காரியம்தான் செய்தார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாம். நீ வா.

காவேரி நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கிளியூர்
3 ஜூலை 2024

காவேரி அப்பாவுக்கு,

கடுதாசி வந்துச்சுங்க. தபால்காரரு, “இந்தக் காலத்துல யாருங்கம்மா கடுதாசி எல்லாம் போடறது”ன்னு கேட்டாரு. சொந்தக்காரங்கன்னு சொல்லிப்போட்டேன்.

கை நடுக்கம் நின்னது சந்தோசங்க. நெசமாத்தான் சொல்றேன்.

காவேரி நன்றாகப் படிக்கட்டும்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. படிக்கறா. ஊன்றுகோலை வுட்டுட்டுப் போன வாரந்தான் பள்ளிக்கூடம் போனா. அவளால மாடிப்படி ஏற முடியலைன்னு பன்னண்டாங் கிளாஸையே கீழ்க்கட்டடத்துக்கு மாத்திட்டாங்க டீச்சரு. காலு எப்படி இருக்குதுன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்லித்தானே ஆகணும்.

எஸ்டேட்டுல உங்க எடத்துக்கு வேற டிரைவரு வெச்சுக்கிட்டாங்க. நான் ஏற்காடு ஏரிக்குப் பக்கத்துல ஒரு காட்டேஜுல ரூம் கூட்டற வேலைக்குப் போறேன். போர்வை மாத்தறது, பாத்ரூம் கழுவறது. வேலை பரவால்லீங்க. கெஸ்ட்டுங்க விட்டுட்டுப் போற பாட்டிலை மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் பொறுக்கறேன்.

அடுத்த மாசம் உங்ககிட்ட போனைக் குடுத்துருவாங்கன்னு அண்ணன் சொன்னாரு. எனக்குப் போன் பண்ணாதீங்க. கோவத்துல சொல்லலை. நீங்க ‘ஹலோ’ன்னதுமே நாக்கு குழறுதா குழறலையான்னுதான் என் காது பாக்குது. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. இத்தனை வருசப் பழக்கம். எழுத்துல அந்தத் தொல்லை இல்ல. எழுதுங்க.

வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கீங்க. காலையில எந்திரிச்சு அடுப்பைப் பத்தவெச்சா மொதல்ல வெந்நீர்தானுங்க போடறேன், காவேரி முட்டிக்கு ஒத்தடம் குடுக்க. மிச்சமிருந்தாக் குடிக்கறேன்.

ஞாயித்துக்கிழமைதான் காட்டேஜுல கூட்டம் ஜாஸ்தி. வர முடியுமான்னு பாக்கறேன்.

பார்வதி


சேலம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள பார்வதிக்கு,

மையத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஆனால் மலை ஏறவில்லை. ஒரு வருடத்துக்குப் பழைய இடத்துக்குப் போக வேண்டாம் என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய கூட்டாளி, பழைய கடை, பழைய வளைவு எல்லாம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும் என்றார். ஒரு பார்சல் ஆபீஸில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்டீயரிங்கை இனித் தொடமாட்டேன்.

இங்கே ராஜ்குமார் என்று ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். வங்கியில் அதிகாரி. நான் விடியற்காலையில் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்த்து நிறுத்தி, தன்னுடைய பழைய ஷூவைக் கொடுத்தார். அவர்கள் ஒரு குழுவாக ஓடுகிறார்கள். டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், ஜவுளிக்கடை முதலாளி இருக்கிறார். முதல் நாளே, “வாங்க ஐயாக்கண்ணு” என்று கூப்பிட்டார்கள். என்னை வாங்க என்று யாராவது கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தேன். நினைவில் வரவில்லை.

தினமும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். செய்து முடித்ததும் கோடு போடுவேன். கோடு விட்டுப்போன நாளே இல்லை. கிளியூரில் இருந்த ஐயாக்கண்ணுவை நினைத்தால் அவன் யாரோ என்பது போல இருக்கிறது. அவனை நானே ரோட்டில் பார்த்தால் ஒதுங்கிப் போவேன்.

காவேரியிடம் என்னை உதாரணமாகச் சொல். மனசு வைத்தால் ஆகாதது எதுவும் இல்லை. தினமும் கொஞ்சம் நடக்கட்டும். வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. கால் தானாக வழிக்கு வரும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கிளியூர்
6 அக்டோபர் 2024

காவேரி அப்பாவுக்கு,

மனசு வெச்சா ஆகாதது இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கடுதாசிய காவேரிகிட்ட நான் காட்டலீங்க. அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிருந்தேன். அவளா எடுத்துப் படிச்சுட்டா. மடிச்சு இருந்த எடத்துலயே வெச்சுட்டுப் போய்ப் பல்லு விளக்குனா.

யாரும் சொல்லி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. நான் சொல்றேன், கேட்டுக்குங்க.

பிப்ரவரி மாசம் சேலத்துல ஓட்டப் போட்டி. ஓடுன ரெண்டு ஓட்டத்துலயும் உங்க மகதான் மொதல்ல வந்தா. மாநிலப் போட்டிக்கு எடுத்துட்டாங்கன்னு அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணுனா. மூச்சு வாங்குது, சிரிப்பு வருது, பேச்சு வரலை. பின்னால உங்க குரலு கேட்டுச்சு. “எம் புள்ளைடா, எம் புள்ளைடா”ன்னு யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. “கண்ணு, நீ பஸ்சுல வந்துரு”ன்னேன். “அப்பா சந்தோசமா இருக்காருங்கம்மா, நான் எப்படி வேண்டாம்ங்கறது”ன்னா.

மெயின் ரோட்டுல போனா செக்போஸ்ட்டுல ஊதச் சொல்லுவாங்கன்னு எஸ்டேட்டு பிக்கப் வண்டிய குப்பனூரு ரோட்டுல ஏத்தியிருக்கீங்க. அந்த அளவுக்கு உங்களுக்கு வெவரம் இருந்திருக்குது. பிக்கப் பள்ளத்துல எறங்குனப்ப டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல அவ முட்டி மாட்டிக்கிச்சு. நீங்க வெளிய விழுந்து தூங்கிட்டீங்க. குப்பனூருக்குப் போன பஸ்காரங்க பார்த்துத் தூக்குற வரைக்கும் அவ தனியா உக்காந்து உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. உங்களுக்கு அடிபட்டிருச்சோன்னு பயந்து கூப்பிட்டிருக்கா. உங்க மேல ஒரு கீறல் இல்ல.

நடப்பா, ஓட மாட்டான்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அவ மனசு வெக்காமயா இருக்கா? கட்டுப் பிரிச்ச அன்னிக்கே எந்திரிச்சு நிக்கறேன்னு விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்டா. வழிக்கு வரும்னு எழுதறீங்களே. ஜவ்வு அறுந்தது என்ன மாடா, வழிக்கு வர்றதுக்கு?

உங்க தாளுல கோடு போடறீங்க. நல்லதுங்க. நானும் விடியறதுக்கு முந்தித்தான் எந்திரிக்கறேன், கண்ணாலமான நாள்ல இருந்து. ஒருநாளும் விட்டுப்போகலை. அதுக்கு யாரும் கை தட்டலை, நல்ல பழக்கம்னு பேரும் வெக்கலை. கேட்டு திறக்கற சத்தத்துலயே நீங்க எந்த அளவுல வர்றீங்கன்னு கணக்குப் போடறது, அருவாமணைய ஒளிச்சு வெக்கறது, புள்ளைய சுவத்துப் பக்கமா படுக்க வெக்கறது. இதெல்லாம் எனக்குப் பழக்கமுங்க. இதை விடறதுக்கு எனக்கு எந்த மையத்துல எடம் குடுப்பாங்க?

அந்த ஐயாக்கண்ணு யாரோன்னு எழுதிப்போட்டீங்க. நொம்ப சௌகரியமுங்க. அந்த ஆளோடதான் நான் குடும்பம் நடத்துனேன்.

பார்வதி


சேலம்
10 நவம்பர் 2024

பார்வதிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

அந்த நாளில் இரண்டாவது வளைவு வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி பினாயில் வாசனை. நடுவில் ஒன்றுமே இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதை உன் கடிதத்தில்தான் படித்தேன். அதைப் படித்த அன்று மூட்டை இறக்கப் போகவில்லை.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

நான் குடித்தபோது குடிக்காதே என்றாய். விட்டுவிட்டேன். இப்போது விட்டதும் குற்றமாக இருக்கிறது. நான் பழைய மாதிரியே கிடந்திருந்தால் உனக்கு வைவதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும் போல. மையத்தில் எல்லோருடைய பெண்டாட்டியும் வந்தார்கள். வீச்சரிவாளோடு மாமனாரைத் துரத்தினவனுக்குக்கூடப் பெண்டாட்டி முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு யாரும் வரவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். பொய். சாயங்காலம் கேட்டைப் பூட்டுகிற வரைக்கும் அந்தப் பெஞ்சை விட்டு நான் எந்திரிச்சதே இல்ல.

ஓடறதைப் பத்தி நீ நினைக்கற மாதிரி இல்ல புள்ள. மெடலுக்கோ பெருமைக்கோ ஓடல. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அந்தத் தெருமுனைக் கடை வெளிச்சம் தெரியும். வாயில தண்ணி ஊறும். காலு தானா அந்தப் பக்கம் திரும்பும். அப்ப ஓட ஆரம்பிச்சுருவேன், செருப்புக் காலோடவே. சனங்க திருடன்னு பாக்குதுங்க. நின்னேன்னா குடிச்சுருவேன். அவ்வளவுதான் என் யோக்கியதை. திருந்தினவன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஓடிக்கிட்டு இருக்கறவன், அவ்வளவுதான்.

காவேரி என்னைப் பத்திக் கேட்கிறாளா?

ஐயாக்கண்ணு


கிளியூர்
22 டிசம்பர் 2024

காவேரி அப்பாவுக்கு,

இங்க குளிரு நொம்ப ஜாஸ்தி. மத்தியானம் வரைக்கும் பனி விலக மாட்டேங்குது. ஊட்டுச் சுவரு ஒரு பக்கம் ஈரம் இறங்கியிருக்குது, அண்ணன் வந்து பாக்கறேன்னாரு. கிருஸ்துமஸ் கூட்டம், காட்டேஜுல எல்லா ரூமும் ஃபுல்லு. இதையெல்லாம் எழுதிக்கிட்டே சொல்ல வந்ததைத் தள்ளிக்கிட்டு இருக்கேன்.

நான் வந்தனுங்க.

ஆகஸ்ட்டு மாசம், சார் பாக்கலாம்னு சொன்ன ஞாயித்துக்கிழமைதான். காட்டேஜுல காச்சல்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறுனேன். உங்களுக்குப் புடிக்குமேன்னு கம்பு உருண்டை புடிச்சுக் கொண்டாந்திருந்தேன். கேட்டு திறக்கறதுக்கு முந்தியே வந்துட்டு, மையத்துக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னேன். கம்பி வேலி வழியா மைதானம் தெரிஞ்சுது. நீங்க ஓடிக்கிட்டு இருந்தீங்க. கூட ஒரு சின்னப் பையன் ஓட முடியாம நிக்கறான், நீங்க திரும்பி வந்து அவன் முதுகுல தட்டி என்னமோ சொல்றீங்க, ரெண்டு பேரும் சிரிக்கறீங்க. கன்னத்துல சதை வெச்சிருந்துச்சு. கண்ணு வெள்ளையா இருந்துச்சு.

என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மூஞ்சிங்க அது. அதுக்கப்புறம் அன்னிக்குத்தான் பாக்கறேன்.

சந்தோசம் வரும்னுதானே நீங்க நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். வயிறு எரிஞ்சுதுங்க. இந்த மூஞ்சி உள்ளயேதான் இருந்திருக்குது, எனக்குக் காட்டலை, எம் புள்ளைக்குக் காட்டலை, யாரோ ஒரு பையனுக்குக் காட்டறாரேன்னு இருந்துச்சு. ரோட்டைத் தாண்ட முடியலை. உருண்டைய டீக்கடைக்காரருகிட்டயே குடுத்துட்டுத் திரும்பிட்டேன். நீங்க பெஞ்சுல உக்காந்திருந்ததைப் படிச்சப்பதான், அன்னிக்கு நான் தாண்டியிருக்கலாமோன்னு தோணுச்சு.

காவேரி உங்களைப் பத்திக் கேக்கறதில்ல. ஓடற ஷூவைக் கிளியூருப் புள்ள ஒருத்திக்குக் குடுத்துட்டா. கணக்குல நல்ல மார்க்கு வாங்கறா. நடக்கறப்ப வலது காலைக் கொஞ்சம் இழுக்கறா, வேகமாப் போனாத்தான் தெரியும். அதனால வேகமாப் போறதில்ல.

பொங்கல் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. தங்க வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டுட்டு சாயங்கால பஸ்சுக்குப் போயிருங்க. காவேரிகிட்ட சொல்லிட்டேன். சரிங்கவும் இல்ல, வேண்டாங்கவும் இல்ல. அதுவே அவகிட்ட பெரிய விசயமுங்க.

பார்வதி


சேலம்
22 ஜனவரி 2025

அன்புள்ள பார்வதிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்குக் கோயமுத்தூரில் ஒரு போட்டி. ராஜ்குமார் சார் முன்பே என் பெயரைக் கொடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே வேனில் போனோம். வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர்கள் இல்லையென்றால் நான் இல்லை. முதலில் நான் உறுதியாக நிற்க வேண்டும், அப்போதுதான் உங்களைத் தாங்க முடியும் என்று சாரும் சொல்கிறார்.

இருபத்தோரு கிலோமீட்டர் ஓடி முடித்தேன் பார்வதி. கடைசியில் அழுகை வந்துவிட்டது. உன்னைத்தான் நினைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. மே மாதம் ஏற்காட்டிலேயே ஒரு மலை ஓட்டம் நடத்துகிறார்கள். எங்கள் குழுவும் அதில் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. நான் ஓடுகிறேன். முடிந்ததும் என்னை மேடையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் படத்தைப் போட்டு பேனர்கூட வைக்கிறார்களாம். அவமானப்பட்ட ஊரிலேயே தலை நிமிர்ந்து நிற்கப் போகிறேன். நீங்கள் இருவரும் ஏரிக்கரையில் முடிவுக் கோட்டுக்கு வர வேண்டும். காவேரி கையால் எனக்கு மெடல் போடச் சொல்லலாம் என்று ராஜ்குமார் சார் ஆசைப்படுகிறார். நானும்தான்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கிளியூர்
2 பிப்ரவரி 2025

காவேரி அப்பாவுக்கு,

அன்னிக்குக் காவேரி காலையிலயே தலைக்குக் குளிச்சா. நான் எதுவும் சொல்லாமயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனா. மேல வர்ற ஒவ்வொரு பஸ்சா பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நான் போய்க் கூப்பிட்டேன். “சாமி, அந்தக் காலோட எத்தனை நேரம் நிப்பே, வா”ன்னேன். “இன்னொரு பஸ் இருக்குதுங்கம்மா”ன்னா. அதுலயும் நீங்க வரலை. ஊட்டுக்கு வந்ததும் முட்டி வீங்கிப்போச்சு.

கோழிக்கொழம்பு வெச்சிருந்தேன். அண்ணன் ஊட்டுக்குக் குடுத்துவுட்டுட்டேன்.

மெடலை அந்த ராஜ்குமார் சாரு கையாலயே போட்டுக்குங்க. இனிமே எழுதாதீங்க.

பார்வதி


சேலம்
27 மே 2025

பார்வதிக்கு,

எழுத வேண்டாம்னு சொல்லிட்ட. நாலு மாசம் எழுதல. இது ஒண்ணை மட்டும் படி.

முந்தாநாள் ஏற்காட்டுல ஓடினேன். நீ வரமாட்டேன்னு தெரியும். ஆனா முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துக்கு முன்னால, திருப்பத்துல, தண்ணி குடுக்கற மேசையில காவேரி நின்னா. அவ படிச்ச பள்ளிக்கூடத்துல இருந்து புள்ளைங்களைத் தொண்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க போல. மஞ்சத் தொப்பி போட்டிருந்தா. உசரமாயிட்டா. முதல்ல எனக்கு அடையாளம் தெரியல. எம் புள்ளைய எனக்கு அடையாளம் தெரியல பார்வதி.

வர்ற எல்லாருக்கும் நீட்டற மாதிரி எனக்கும் டம்ளரை நீட்டினா. “தண்ணி வேணுங்களா”ன்னா. அப்புறந்தான் மூஞ்சியைப் பார்த்தா. டம்ளரைப் பின்னால இழுத்துக்கல. நான் வாங்கிக்கிட்டு அங்கயே நின்னுட்டேன். “கண்ணு”ன்னேன்.

“நிக்காதீங்க. பின்னால ஆளுங்க வர்றாங்க”ன்னா.

போயிட்டேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல, ஓடி முடிச்சேன். மெடல் போட்டாங்க. மேடையில ஏத்திவிட்டாங்க. ராஜ்குமார் சார் எழுதிக் குடுத்ததை அப்படியே பேசினேன். ‘குடும்பம் வந்திருக்காங்களா’ன்னு மைக்ல கேட்டாங்க. ‘வந்திருக்காங்க’ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

கோயமுத்தூர் போட்டிக்கு நான் போயே ஆகணும்னு யாரும் சொல்லல. காவேரி நடக்கறதைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. இருபத்தோரு கிலோமீட்டர் ஓட முடிஞ்சவனுக்கு பஸ் ஏறி ஊட்டு வாசலுக்கு வர முடியல. இதை மேடையில சொல்லியிருக்கணும். சொல்லல.

மையத்துல சொன்ன ஒரு வருசம் முடிய இன்னும் மூணு மாசந்தான் இருக்குது. நான் ஊட்டுக்கு வர்றேன் பார்வதி. காட்டேஜுலயோ தோட்டத்துலயோ எந்த வேலையா இருந்தாலும் செய்யறேன். ஓடறது உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடறேன். குழுவை விட்டுடறேன். நீ வான்னு ஒரு வார்த்தை எழுது.

ஐயாக்கண்ணு


கிளியூர்
8 ஜூன் 2025

காவேரி அப்பாவுக்கு,

படிச்சனுங்க. ரெண்டு தடவை படிச்சேன்.

அன்னிக்கு நீங்க மைக்குல பேசுனது ஏரிக்கு அக்கட்ட வரைக்கும் கேட்டுச்சு. நான் மாடியில போர்வை உதறிக்கிட்டு இருந்தேன். எங்க காட்டேஜுல தங்குனவங்கல்லாம் ஓடத்தான் வந்தவங்க. “என் மனைவி எனக்குத் தூணா நின்னா”ன்னீங்க. தூணு நிக்கத்தானுங்க செய்யும், அதுக்குப் போறதுக்கு வேற எடம் ஏது? கூட வேலை செய்யறவ, “அக்கா, உங்க ஊட்டுக்காரரு குரலு மாதிரி இருக்குது”ன்னா. இல்லைன்னுட்டேன். நீங்க மேடையில ஒரு பொய் சொன்னீங்க, நான் மாடியில ஒரு பொய் சொன்னேன்.

காவேரி சாயங்காலம் வந்து தொப்பியக் கழட்டி வெச்சுட்டு உக்காந்தா. அவளாத்தான் சொன்னா: “அப்பா நல்லா ஓடறாருங்கம்மா. முழங்கைதான் ரெண்டு பக்கமும் அகலமாப் போவுது. ஒடுக்கிப் புடிச்சாருன்னா ஏத்தத்துல மூச்சு வாங்காது.” அப்புறம் போய்த் துணி மடிச்சா. மடிச்சுக்கிட்டே அழுதா. ஆஸ்பத்திரியில கூட அவ அப்படி அழுகலை.

வான்னு ஒரு வார்த்தை எழுதச் சொல்றீங்க. எழுத முடியலீங்க.

நீங்க திருந்தலைன்னு நான் சொல்லலை. கேக்கறவங்க எல்லாருகிட்டயும் திருந்திட்டாருன்னுதான் சொல்றேன். ஓடறதை விட்டுருங்கன்னும் சொல்லலை, விட்டுடாதீங்க. ஆனா நீங்க இந்த ஊட்டுக்குள்ள வந்தா, நான் மறுபடியும் கேட்டுச் சத்தத்துக்குக் காது குடுக்க ஆரம்பிச்சுருவேன். நீங்க ஒரு சொட்டு குடிக்காம இருந்தாலும் நான் மோந்து பாப்பேன். நீங்க லேட்டா வந்தா அருவாமணைய ஒளிப்பேன். ஒரு வருசமா இப்பத்தானுங்க கொஞ்சம் கொஞ்சமாத் தூங்கப் பழகியிருக்கேன். நீங்க ஒருத்தரு மேல வர்றதுக்காக நான் மறுபடியும் கீழ எறங்க முடியாது.

உங்களோட கெட்ட காலமெல்லாம் எனக்கு வந்துச்சு. நல்ல காலம் வேற யாருக்கோ வரட்டும். பொறாமையா இருக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா வேண்டாம்.

காவேரிக்குச் சேலத்துலயே ஒரு காலேஜுல எடம் கெடைச்சிருக்குது. காமர்ஸ் படிக்கப் போறா. ஹாஸ்டலுல தங்கிக்குவா. இதை உங்களுக்குச் சொல்லலாமான்னு அவகிட்ட கேட்டேன். சொல்லுங்கன்னா. நீங்க வந்து பாக்கலாமான்னும் கேட்டேன். “இப்ப வேண்டாம். வேணும்னா நானே எழுதறேன்”ன்னா. அவளா எழுதற வரைக்கும் அந்த ஹாஸ்டல் கேட்டுப் பக்கம் போய் நிக்காதீங்க. எழுதாமயே இருந்தாலும் நிக்காதீங்க. எனக்காக இது ஒண்ணு செய்யுங்க.

உங்க துணிமணியெல்லாம் துவைச்சு மடிச்சு ஒரு பையில போட்டு அண்ணன்கிட்ட குடுத்துவுடறேன். வேட்டி நாலு, சட்டை, எஸ்டேட்டுல குடுத்த ஸ்வெட்டரு. சேலத்து வெயிலுக்கு ஸ்வெட்டரு என்னத்துக்குன்னு அண்ணன் அதை எடுத்து வெளிய வெச்சாரு. நான் மறுபடியும் உள்ள போட்டுட்டேன். இங்க கிடந்தா நீங்க வருவீங்கன்னு அர்த்தமாயிரும்.

பார்வதி